கிரிவலக் கூட்டத்தை ‘கிராஃப்’ ஆக வரைய முடியுமா?

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் லட்சக்கணக்கானோர் 14 கி.மீ. கிரிவலம் வருகிறார்கள். எங்கே நெரிசல் வரும் என்பதைப் படமாகப் பார்க்க முடியுமா? முடியும். ஆனால், வரைவது கடைசி வேலை.

கிராஃப் என்றால்?
புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்தான். இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரையான எட்டு லிங்கங்களும், ராஜகோபுரமும், பஸ் ஸ்டாண்டும் புள்ளிகள். சாலைகள் கோடுகள். எல்லோரும் வலமாகவே நடப்பதால் கோட்டுக்கு ஒரே திசை. ஓர் இடம் அடைத்தால் பின்னால் வருபவர்கள் தேங்கிவிடுவார்கள்.

ஸ்பார்க் எதற்கு?
பெயர், எண் நீக்கிய மொபைல் டவர் பதிவுகள் கிடைத்தால்கூட, அவை கோடிக்கணக்கில் இருக்கும். ஒரு லேப்டாப் திணறலாம். 2009-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஸ்பார்க், வேலையைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். அதிலுள்ள கிராஃப்எக்ஸ், புள்ளிகளின் தொடர்புகளைக் கணக்கிடும், படம் வரையாது.

அப்படியே வரைந்தால்?
சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரிதான் தெரியும். அதனால ஆளுக்கு ஒரு புள்ளி வேண்டாம், இடத்துக்கு ஒரு புள்ளி போதும். மணிக்கு எத்தனை பேர் கடந்தார்கள் என ஸ்பார்க்கில் கூட்டி, அந்தச் சில வரிகளை மட்டும் ஜெஃபி போன்ற மென்பொருளில் போட்டால் படம் ரெடி.

எதில் உஷார்?
தடித்த கோடு என்றாலே நெரிசல் இல்லை. அகலமான சாலையில் பெருங்கூட்டமும் தடையின்றி நகரும். சாலையின் அகலத்தையும் நடை வேகத்தையும் சேர்க்காத படத்தை நம்பித் தடுப்பு வைத்தால், அந்தத் தடுப்பே நெரிசலை உண்டாக்கலாம்.