ஓட்டு வீட்டுக்கு ஓட்டு உண்டா?

தஞ்சாவூர் ஜில்லாக்காரனிடம் 'சொந்த ஊர் எது?' என்று கேட்டுப் பாருங்கள். கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் பதில் சொல்வான். ஊர், ஆறு, வாய்க்கால், கோயில், தேர் என்று ஆரம்பித்து, பஸ் ஸ்டாண்ட் பக்கம் எந்தக் கடையில் காபி தேவலை என்பது வரை வரும். 'சரி, ராத்திரி எங்கே படுக்கறீங்க?' என்று கேளுங்கள். சுருதி இறங்கிவிடும். படுப்பது வேளச்சேரியில்.

டெல்டாவில் இப்போது இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டுக்கொண்டு இரண்டு இலாகாக்கள் அலைகின்றன. ஒன்று சுற்றுலா. இன்னொன்று தேர்தல்.

முதலில் சுற்றுலா.

கும்பகோணம், தஞ்சாவூர், திருவையாறு பக்கம் உங்களுக்கு ஒரு பழைய வீடு இருக்கிறதா? திண்ணை, முற்றம், ஊஞ்சல், மேலே நாட்டு ஓடு? 'இடிஞ்சு விழறதுக்குள்ள வித்துடலாம்' என்று அண்ணன் தம்பிகள் பேசிக்கொண்டிருந்த அதே வீடுதான். அதற்கு இப்போது பெயர் 'ஹோம் ஸ்டே'. ஒழுகுகிற ஓட்டுக்கு 'பாரம்பரியம்' என்று பெயர்.

ஆள் வருவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பெரிய கோயிலை யுனெஸ்கோ 1987-ல் பட்டியலில் சேர்த்தது. 2004-ல் தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் சேர்ந்துகொண்டன. நவக்கிரகக் கோயில் சுற்றுகிறவர்கள் வருஷம் பூரா வருகிறார்கள். திருவையாற்றில் ஆராதனை, திருக்கடையூரில் தினமும் யாருக்காவது அறுபதாம் கல்யாணம். 12 வருடத்துக்கு ஒரு மகாமகம். போனது 2016-ல். அடுத்தது 2028-ல்.

கும்பகோணம் பக்கத்தில் என் சித்தப்பா இருக்கிறார். ரிடையர் ஆனவர். வீட்டில் இரண்டு அறையை ஒழித்து, பெயின்ட் அடித்து, வாடகைக்கு விடுகிறார். ஆரம்பத்தில் அந்தத் தெருவில் அவர் வீடு ஒன்றுதான். இன்றைக்கு ஆறு. ஒரு வீட்டில் காலையில் கோலம் போடக் கற்றுத் தருகிறார்கள். இன்னொரு வீட்டில் மாட்டு வண்டி சவாரி. மூன்றாவது வீட்டுக்காரர் ஒரு படி மேலே போய், வயலில் இறக்கி நாற்று நடச் சொல்கிறார். அதற்குத் தனிக் கட்டணம்.

"எங்கப்பா காலத்துல நடவுக்கு ஆள் வந்தா நாம கூலி கொடுத்தோம். இப்ப நடறவன் நமக்குக் கூலி கொடுக்கறான். ஆனா அவன் நட்டதைப் பிடுங்கி மறுபடி நட ஆள் விட வேண்டியிருக்கு. அது தனிச் செலவு" என்கிறார் சித்தப்பா.

போட்டி முற்ற முற்ற வாடகை இறங்குகிறது. காபி இலவசம் என்றான் ஒருவன். டிபனும் இலவசம் என்றான் அடுத்தவன். இப்படியே போனால் தங்குகிறவருக்கு பஸ் சார்ஜும் கொடுத்து அனுப்ப வேண்டியதுதான். அவரோ போகிற போக்கில் செல்போனில் நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறார். ஐந்துக்கு நாலு விழுந்தால் சித்தப்பாவுக்கு அன்று ராத்திரி தூக்கம் கிடையாது. பெண்ணுக்கு ஜாதகம் பார்த்தபோதுகூட நட்சத்திரத்துக்காக மனிதர் இவ்வளவு கவலைப்பட்டதில்லை.

ஆனால் அவரை நிஜமாகவே அடிப்பது கோலமும் மாட்டு வண்டியும் இல்லை. எதிர்வீடு. அங்கே ஆளே கிடையாது. முதலாளி பெங்களூரில். சாவி வாட்ச்மேனிடம். புக்கிங், பணம், 'வெல்கம்' எல்லாம் செல்போனில். வீட்டுக்காரர் குடும்பத்துக்கு அறை தேவையில்லை என்பதால் எல்லா அறையும் வாடகைக்கு. சித்தப்பாவும் சித்தியும் ஒரு அறையை அடைத்துக்கொண்டு படுப்பதே வியாபார ரீதியில் அவர்களுக்கு நஷ்டம்!

இதற்கு விதி இருக்கிறதா என்றால், இருக்கிறது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம் ஸ்டே அங்கீகாரம் வேண்டுமென்றால் ஒன்று முதல் ஆறு அறை வரைதான் விடலாம். வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். குடியிருந்தால்தான் ஹோம். இல்லாவிட்டால் வெறும் ஸ்டே.

நியூயார்க்கிலும் இதே கதைதான். 30 நாளுக்குக் குறைவாக ஆள் வைத்தால், அங்கே குடியிருப்பவரும் கூடவே தங்க வேண்டும் என்று சட்டம். 2023 செப்டம்பரிலிருந்து அதைக் கறாராக அமல்படுத்தினார்கள். பார்சிலோனா நகரம் இன்னும் ஒரு படி மேலே. உள்ளூர்க்காரனுக்குக் குடியிருக்க வீடு கிடைக்கவில்லை என்று, 10,101 சுற்றுலா வீடுகளின் லைசென்ஸை 2028 நவம்பரோடு புதுப்பிக்கப் போவதில்லை என்று 2024-ல் அறிவித்தது. நம்ம மகாமகமும் 2028-ல்தான். அவர்கள் இழுத்து மூடுகிற வருஷம், நாம் புதிதாகத் திறந்துகொண்டிருப்போம்.

இப்போது தேர்தல் இலாகா.

எதிர்வீட்டு பெங்களூர்க்காரர் ஒருமுறை வந்தபோது என்னிடம் பொரிந்து தள்ளினார். "வீடு என் பேர்ல. வீட்டு வரி நான் கட்டறேன். கரண்ட் பில் என் பேர்ல. இங்கே எனக்கு ஓட்டு இல்லைன்னா என்ன சார் நியாயம்? ஓட்டு வீடு இருக்கு, ஓட்டு இல்லையா?"

நல்ல கேள்வி. ஆயிரம் வருஷம் லேட்டாகக் கேட்டுவிட்டார். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 920 வாக்கில் வெட்டிய உத்திரமேரூர் கல்வெட்டில், குடவோலையில் பெயர் போடத் தகுதி சொல்லியிருக்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். அதாவது நம்ம கணக்கில் 5 மா. சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-லிருந்து 70-க்குள். பெங்களூர்க்காரர் அப்போது பிறந்திருந்தால் குடத்தில் அவர் பெயர் விழுந்திருக்கும்.

வெள்ளைக்காரன் காலத்திலும் நிலம், வரி, படிப்பு என்று ஏதாவது ஒன்று இருந்தவனுக்குத்தான் ஓட்டு. 1951-52 பொதுத் தேர்தலில்தான் மிராசுதாருக்கும் பண்ணையாளுக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு, அதுவும் ஒரே கியூவில். வயது அப்போது 21. 1989-ல் 18 ஆனது.

1950-ம் வருடத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 20-ம் பிரிவில் சங்கதியைப் போட்டு உடைக்கிறது. ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார். சாதாரணமாக அங்கே வசிக்க வேண்டும்.

சரி, வீடே இல்லாதவன்? அவனுக்கு உண்டு! பிளாட்பாரத்தில் படுப்பவர் மனு கொடுத்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் போய், அந்த இடத்தில்தான் படுக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் அல்ல, ஒன்றுக்கு மேற்பட்ட ராத்திரி. ஆள் இருந்தால் முகவரிக்கு வேறு காகிதம் தேவையில்லை. பட்டாவுக்கு ஓட்டு கிடையாது சார். பாய்க்குத்தான் ஓட்டு.

இது ஏட்டுச் சட்டம் என்று நினைத்தவர்கள் 2025-ல் விழித்துக்கொண்டார்கள். நவம்பரில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று வீடு வீடாகப் படிவத்தோடு வந்தார்கள். டிசம்பர் 19-ம் தேதி வரைவுப் பட்டியல் வந்தபோது 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களைக் காணோம். அதில் 66 லட்சத்துக்கும் மேல், குடி மாறிப் போனவர்கள் அல்லது முகவரியில் இல்லாதவர்கள் என்ற கணக்கு. விட்டுப்போனவர்கள் மனு கொடுக்க அவகாசமும் கொடுத்தார்கள்.

ஓட்டுக்குப் போட்டி முற்றினால் என்ன ஆகும் என்பதும் தஞ்சாவூருக்குத் தெரியும். 2016 மே மாதம் தமிழ்நாடே ஓட்டுப் போட்டபோது தஞ்சாவூரும் அரவக்குறிச்சியும் மட்டும் வேடிக்கை பார்த்தன. பணப் பட்டுவாடா புகாரில் தேர்தலை நிறுத்திவிட்டார்கள். பிறகு நவம்பர் 19-ல்தான் நடந்தது. ஓட்டுப்பதிவு முடிவதற்கு முன் 48 மணி நேரம், அந்தத் தொகுதியில் ஓட்டு இல்லாத வெளியூர்க் கட்சிக்காரர்கள் கிளம்பிவிட வேண்டும் என்பது கமிஷன் உத்தரவு. லாட்ஜ், கல்யாண மண்டபம், விருந்தினர் விடுதி எல்லாம் சோதனை நடக்கும். அன்றைக்கும் ஹோம் ஸ்டேக்காரரிடம் அதே கேள்விதான்: உள்ளே படுத்திருப்பது யார்?

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் திருவல்லிக்கேணி மேன்ஷனிலோ, வேளச்சேரியில் நாலு பேர் சேர்ந்து எடுத்த ரூமிலோ இருப்பவர். ஓட்டு மட்டும் ஒரத்தநாட்டில், பாபநாசத்தில். 2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, பாராளுமன்றத் தேர்தல். முந்தின நாள் ராத்திரி கிளாம்பாக்கத்தில் பஸ்ஸுக்கு முண்டியடித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? ஓட்டுப் போடுவதற்குச் சம்பளத்தோடு லீவு உண்டு என்று 1996-லேயே சட்டம் போட்டார்கள். பஸ்ஸில் சீட்டு உண்டு என்று யாரும் சட்டம் போடவில்லை.

சட்டம் உங்கள் பக்கமும் கொஞ்சம் பேசுகிறது. தற்காலிகமாக வெளியூர் போனதால் மட்டும் ஊர் ஓட்டு போய்விடாது. ஆனால் எட்டு வருஷமாகத் தற்காலிகமாக இருக்கிறேன் என்று சொன்னால் எந்த அதிகாரிக்கும் சிரிப்பு வரும். இடம் மாறினால் படிவம் 8. புதிதாகச் சேர்வதற்குப் படிவம் 6. "அட்ரஸ் ப்ரூஃப் மட்டும் கேக்காதீங்க தம்பி" என்பார் வீட்டுக்காரர். வீட்டுக்காரர் சம்மதத்துக்கு அந்தப் படிவங்களில் இடமே கிடையாது. சொல்லப்பட்ட ஆவணம் எதுவும் இல்லாவிட்டால் நேரில் வந்து விசாரிக்க வேண்டியது அவர்கள் வேலை. இரண்டு ஊரில் ஓட்டு வைத்துக்கொள்ள மட்டும் ஆசைப்படாதீர்கள். பொய் உறுதிமொழிக்கு ஒரு வருஷம் வரை ஜெயில்.

"ஊர்ல ஓட்டும் போயிட்டா அப்புறம் ஊர்ல எனக்கு என்னதான் இருக்கு?" என்று கேட்டான் என் ரூம் நண்பன். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மழைக்காலத்தில் நாங்கள் முழங்காலளவு தண்ணீரில் நடப்பது வேளச்சேரியில். அந்தக் கவுன்சிலருக்கு எங்களைத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

ஊரில் இதற்கு நேர் எதிரான கஷ்டம். ஒரு தெருவில் பத்து வீடு என்று வையுங்கள். எட்டு வீட்டில் விருந்தாளிகள். விருந்தாளிக்கு அங்கே ஓட்டு இல்லை. முதலாளிக்கு ஓட்டு பெங்களூரில். மிச்சம் இரண்டு வீடு. அந்த இரண்டு வீட்டுக்காக யார் வந்து சாக்கடை அள்ளுவார்கள்? தெருவில் கூட்டம் இருக்கும், கார் இருக்கும், குப்பை மட்டும் நிறைய இருக்கும். கேட்க ஆள் இருக்காது. கும்பகோணம் மாநகராட்சிக்கு 2022-ல் முதல் மேயராக வந்த சரவணன் ஆட்டோ ஓட்டியவர். அங்கேயே குடியிருப்பவன் நிற்கலாம், ஜெயிக்கலாம் என்பதற்காகத்தான் இத்தனை விதிகளும். குடியிருக்க ஆள் வேண்டுமே!

அதனால் என் கட்சி இது. படுக்கிற இடத்துக்கு ஓட்டை மாற்றிக்கொள்ளுங்கள். ஊரில் வீடு இருந்தால் அதில் ஒரு மனுஷனாவது நிஜமாகக் குடியிருக்க வழி பண்ணுங்கள். வாடகைக்கு விட்டாலும் சரி, குடும்பம் நடத்துகிறவருக்கு விடுங்கள்.

சித்தப்பாவிடம் போன மாதம், "பேசாம நீங்களும் மொத்த வீட்டையும் விட்டுட்டு சென்னைக்கு வந்துடுங்களேன். எதிர்வீட்டுக்காரர் மாதிரி சம்பாதிக்கலாம்" என்றேன்.

"85 வயசு ஆனா வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கிட்டுப் போறதா 2024-ல பண்ணினானே. நாம விருந்தாளிக்கு காபி கொண்டு போய்க் கொடுக்கற மாதிரி சர்க்கார் நமக்கு ஓட்டுச் சீட்டைக் கொண்டு வரான். எனக்கு இன்னும் ஒன்பது வருஷம்தான் பாக்கி. அதை விட்டுட்டு வரச் சொல்றியே" என்றார். பிறகு ஊஞ்சலை லேசாக உந்திக்கொண்டே சொன்னார்:

"நாங்க இருக்கற வரைக்கும் இந்த வீட்ல ரெண்டு ஓட்டு இருக்கும்டா. அதுக்கப்புறம் வேணா அஞ்சு நட்சத்திரம் இருக்கட்டும்."