துளசிக்கும் மாத்திரைக்கும் சண்டை வேண்டாம்!



நம்ம வகுப்பில் மூணு மொழி பேசுற வீடுகள் இருக்கு. தமிழில் மஞ்சள் என்பதைத் தெலுங்கு வீட்டில் பசுப்பு என்பார்கள், கன்னட வீட்டில் அரிசினா என்பார்கள். ஆனா காலில் அடிபட்டா மூணு வீட்டிலும் முதல்ல தேடுவது அதைத்தான். இது வெறும் நம்பிக்கையா, இல்ல உண்மையிலேயே கிருமியைக் கொல்லுமா? என் கருத்தை எழுதுகிறேன்.

மூலிகைக்குச் சக்தி இருக்கு. ஆய்வுக்கூடத்தில் அதை இப்படிப் பார்ப்பார்கள். ஒரு தட்டில் கிருமியை வளர விடுவார்கள். மூலிகைச் சாற்றில் நனைத்த சின்னக் காகித வட்டை அதன் மேல் வைப்பார்கள். மறுநாள் வட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவான வளையம் இருந்தால், சாறு வேலை செய்கிறது என்று அர்த்தம். துளசி, வேம்பு, மஞ்சள் மூன்றுக்கும் இப்படி வளையம் வந்திருக்கு.

ஆனா டெட்டால் வைத்தாலும் வளையம் வரும். அதுக்காக டெட்டாலைக் குடிக்க முடியுமா? தட்டில் சாகிற கிருமி உடம்புக்குள்ளும் சாகணும்னா, மருந்து அங்கே போதுமான அளவு போய்ச் சேரணும். மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது. குடித்தாலும் ரத்தத்தில் ரொம்பக் கொஞ்சம்தான் சேரும். அதனால் மேலே பூசுவது வேற, உள்ளே குடிப்பது வேற.

சாறு எடுக்கிற முறையும் முக்கியம். சீனாவில் தூ யூயூ என்ற அம்மையார் மலேரியாவுக்கு ஒரு செடியை ஆராய்ந்தார். சூடுபடுத்தி எடுத்த சாறு சரியாக வேலை செய்யவில்லை. பழைய மருத்துவ நூல் ஒன்றில் அதை ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தது. அதைப் படித்துச் சூட்டைக் குறைத்துச் சாறு எடுத்தார். 1971-இல் பலன் கிடைத்தது. 2015-இல் நோபல் பரிசும் கிடைத்தது. பழைய நூலும் வேணும், சோதனையும் வேணும் என்பதற்கு இதைவிட என்ன உதாரணம்?

நம்ம பக்கத்துக்கே வருவோம். மத்திகிரியில் 1824-லேயே கால்நடைப் பண்ணை வந்துவிட்டது. இங்கே பல வீடுகளுக்கு மாடுதான் சோறு போடுது. மாட்டுக்கு மடிவீக்கம் வந்தால் ஊசி போடுகிறோம். அந்த ஆன்டிபயாடிக் மருந்து பாலிலும் இறங்கும். டாக்டர் சொன்ன நாள் முடியும் வரை அந்தப் பாலை விற்கக் கூடாது. மருந்து கலந்த பால் சில சமயம் தயிராகக்கூட உறையாது. ஏன்னா தயிரை உறைய வைப்பதும் நுண்ணுயிரிதான், மருந்து அதையும் கொன்றுவிடும்.

இதற்குத் தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி ஒரு வழி பரப்பினார். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்தால் ஆரத்தி மாதிரிச் சிவப்பாகும். பாலை முழுசாகக் கறந்து, மடியைக் கழுவி, ஒரு நாளைக்கு 10 தடவை, 5 நாள் பூசணும். தேசிய பால்வள வாரியமும் இதை விவசாயிகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. இதில் அளவு இருக்கு, நாள் கணக்கு இருக்கு. இதுதான் மருந்து. "ஏதோ கொஞ்சம் தேய்ச்சு விடு" என்பது மருந்து இல்லை.

மனுஷங்க விஷயத்துக்கு வருகிறேன். ஷிப்ட் வேலைக்குப் போகிற அக்கா, அண்ணன்கள் லீவு போட்டால் சம்பளம் போயிடும். அதனால் சளி பிடித்தாலே மெடிக்கலில் ரெண்டு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். சாதாரணச் சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது. தேவையில்லாமல் சாப்பிட்டால் உடம்பில் உள்ள பாக்டீரியாக்கள் அந்த மருந்தை எதிர்க்கப் பழகிக்கொள்ளும். பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங் 1945-லேயே இதைச் சொல்லி எச்சரித்தார். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் 2019-இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. வீட்டில் போய் அட்டைகளை எடுத்துப் பாருங்கள்.

மறுபக்கமும் தப்பு நடக்குது. கைக்குழந்தைக்கு மூச்சு வாங்கும்போது கஷாயம் காய்ச்சிக்கொண்டு உட்காரக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அந்த நேரத்தில் ஆன்டிபயாடிக்தான் உயிரைக் காப்பாத்தலாம். அது வேலை செய்யணும்னா, நாம இன்னைக்கு சளிக்கு அதை வீணாக்கக் கூடாது. தொண்டை கரகரப்புக்குத் துளசி போதும், பாட்டி சொன்னது சரிதான். எதுக்கு எது என்று தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மூலிகைச் செடிகளுக்குப் பலகை வைக்கும்போது "சர்வரோக நிவாரணி" என்று எழுத வேண்டாம். எதற்கு உதவும், எதற்குப் போதாது என்று ரெண்டு வரி எழுதுவோம். அறிவியல் ஆசிரியர் அனுமதித்தால் ஒரு சோதனையும் செய்வோம். மூணு ரொட்டித் துண்டில் தண்ணீர், மூணு துண்டில் வேப்பிலைச் சாறு. மூடி வைத்து, திறக்காமல் ஒரு வாரம் பார்ப்போம். எதில் பூஞ்சை முதலில் வருகிறது என்று அடுத்த இதழில் எழுதுவோம். என்ன வந்தாலும் மறைக்காமல் எழுதுவோம்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி