காப்பி பார்ட்டி என்று சிரித்த தம்பிக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் 'பாலைவனச் சோலை' படப் பாட்டு ஒன்றைப் போட்டு, "இசை: சங்கர்–கணேஷ். பொறுமையாகக் கேளுங்கள்" என்று எழுதினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. லண்டனில் இருக்கும் தம்பி ஒருவன், பெயர் வேண்டாம், அவனுக்கே தெரியும், "சார், அவங்களா? காப்பி பார்ட்டி ஆச்சே!" என்று எழுதிச் சிரிக்கிற பொம்மை மூன்று போட்டான். அதற்குப் பதினேழு பேர் லைக். அதே பாட்டைக் குடும்பக் குழுவில் போட்டேன். அங்கே என் மச்சினன், "சங்கர் கணேஷ்னா ஒரே ஆள்தானே மாமா?" என்று கேட்டார். அவருக்குக் கடைசியில் பதில் சொல்கிறேன். முதலில் லண்டன் தம்பி.

தம்பி, போன வருடம் நீ தாம்பரம் வந்திருந்தபோது என் கையில் ஒரு ஹெட்போனைக் கொடுத்து, "சார், இது என் உயிர்" என்று சொல்லிவிட்டுப் போனாய். பெட் ஷாப் பாய்ஸ். நீல் டென்னன்ட், கிறிஸ் லோ என்ற இரண்டு பேர். 1981-இல் லண்டனில் ஒரு மின்னணுச் சாமான் கடையில் பார்த்துப் பேசிப் பழகியவர்கள், இன்றுவரை பிரியாமல் சேர்ந்தே பாட்டுப் போடுகிறார்கள். ஐந்து ஆல்பங்களின் பட்டியலையும் எழுதிக் கொடுத்தாய். வாத்தியார் வீட்டுப்பாடம் செய்தாரா என்று நீ இதுவரை கேட்கவில்லை. செய்தேன். காலையில் சேலையூர் ஏரிப் பக்கம் நடக்கும்போது ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன்.

'ப்ளீஸ்' (1986): முதல் தடவை பிடிக்கவில்லை. பாடுகிறாரா, செய்தி வாசிக்கிறாரா என்றே தெரியவில்லை. மூன்றாம் தடவைதான் புரிந்தது. ராத்திரி நேரத்தில் பெரிய ஊரின் தெருவில் தனியாக நடப்பவன் தனக்குத்தானே பேசிக்கொள்வதைப் போன்ற குரல் அது. 'ஆக்சுவலி' (1987): மேலே துள்ளல், அடியில் கசப்பு. கடை, வாடகை, காசு என்று நம் வீட்டு மாதக் கணக்கு மாதிரியே இருக்கிறது. 'இன்ட்ரோஸ்பெக்டிவ்' (1988): ஆறே பாட்டுகள், ஒவ்வொன்றும் நீளம். ஏரியை ஒரு பக்கம் கடப்பதற்குள் ஒரு பாட்டு முடியாது. 'வெரி' (1993): கல்யாண வீட்டு வெளிச்சம். நாலாவதாக வரவேண்டிய 'பிஹேவியர்' (1990) பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இங்கே நான் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும். கம்ப்யூட்டர் மியூசிக் என்று நீங்களெல்லாம் வகுப்பில் துள்ளிக்கொண்டிருந்த தொண்ணூறுகளில், "பொத்தானை அமுக்குறதெல்லாம் ஒரு பாட்டாடா?" என்று நக்கல் அடித்தவன் நான்தான். சின்தசைசர் என்ற பெட்டி தானாக வாசிக்காது. எந்த ஒலி, எங்கே, எவ்வளவு நேரம் என்று முடிவு செய்ய ஒரு மனிதன் வேண்டும். அந்த மனிதனை நான் கேட்கவே இல்லை. "பொத்தான்" என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு காதை மூடிக்கொண்டேன். நீ இப்போது "காப்பி" என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அதையே செய்கிறாய். என் தப்பை உன்னிடம் பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை.

சரி, காப்பிக்கு வருவோம். 1987 கிறிஸ்துமஸுக்கு உன் இரட்டையர்களை இங்கிலாந்தில் முதல் இடத்தில் வைத்த 'ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்' யாருடைய பாட்டு? 1972-இலேயே எல்விஸ் பிரெஸ்லி பாடியது. நீ கைதட்டி ஆடிக் காட்டிய 'கோ வெஸ்ட்'? 1979-இல் வில்லேஜ் பீப்பிள் குழு பாடியது. 1991-இல் யு2 குழுவின் பாட்டு ஒன்றையும் அறுபதுகளின் காதல் பாட்டு ஒன்றையும் ஒட்டுப் போட்டு ஒரே பாட்டாக்கினார்களே, அது? அவர்கள் செய்தால் "புதுப் பார்வை", கோடம்பாக்கத்தில் செய்தால் "காப்பி பார்ட்டி"யா?

நீ பதில் சொல்வாய், எனக்குத் தெரியும். "சார், அவங்க மூலப் பாட்டுக்காரர் பேரைப் போட்டாங்க. நம்மாளுங்க போடல." அடி சரியான இடத்தில்தான் விழுகிறது. ஒப்புக்கொள்கிறேன். 'மேகமே மேகமே' கேட்டவர்கள் ஜக்ஜித் சிங்கின் கஜல் ஒன்றையும் கேட்டால் சட்டென்று தலையைத் தூக்குவார்கள். எடுத்தது தப்பில்லை, சொல்லாதது தப்பு. ஆனால் அந்தத் தப்பு அன்றைய சினிமா முழுவதற்கும் பொது. மேல்நாட்டு மெட்டுகளும் இந்தி மெட்டுகளும் பெரிய பெரிய பெயர்களின் படங்களிலும் உலவியிருக்கின்றன. அவர்களைச் சொல்லும்போது "தாக்கம்" என்கிறோம். சங்கர்–கணேஷ் என்றால் மட்டும் "திருட்டு". ஏன்? பெரிய கம்பெனிப் படம், சின்னப் படம் என்று பார்க்காமல் வந்த வேலையைச் செய்த தொழிலாளிகள் அவர்கள். தொழிலாளியைப் பார்த்துச் சிரிப்பது நமக்குச் சுலபம். மெட்டு எங்கிருந்து வந்தது என்பது முதல் கேள்வி. வந்ததை வைத்து என்ன செய்தார்கள் என்பது இரண்டாவது கேள்வி. நீ முதல் கேள்வியோடு பரீட்சை ஹாலை விட்டு எழுந்து போய்விட்டாய்.

இரண்டாவதற்கு நான் விடை எழுதுகிறேன். இருவரும் விஸ்வநாதன்–ராமமூர்த்தியிடம் உதவியாளர்களாக வேலை கற்றவர்கள். 1967-இல் 'மகராசி'யில் தனியாக வந்தார்கள். 1972-இல் 'நான் ஏன் பிறந்தேன்', 'இதய வீணை' என்று எம்.ஜி.ஆர். படங்கள் இரண்டு. அந்தப் பாட்டுகளை எம்.எஸ்.வி. போட்டது என்று இன்றைக்கும் என்னிடம் பந்தயம் கட்டுகிறவர்கள் உண்டு. பந்தயத்தில் நான் ஜெயித்த டீயின் கணக்கு பெரிது. 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. இளையராஜா என்ற வெள்ளத்தில் எத்தனையோ பேர் கரை ஒதுங்கினார்கள். இவர்கள் ஒதுங்கவில்லை. 1977-இல் தேவர் படமான 'ஆட்டுக்கார அலமேலு', 1979-இல் 'கன்னிப் பருவத்திலே'.

1981-ஐப் பார். அந்த ஒரே வருடத்தில் 'சட்டம் ஒரு இருட்டறை', 'சிவப்பு மல்லி', 'பாலைவனச் சோலை'. ஒன்று பழிவாங்கும் கதை, ஒன்று செங்கொடிக் கதை, ஒன்று மென்மையான சோகக் கதை. மூன்றுக்கும் இவர்கள்தான். 1986-இல் தேசிய விருது பெற்ற 'சம்சாரம் அது மின்சாரம்' படத்துக்கும் இவர்கள்தான். அதைப் பார்த்து அழாத குடும்பம் நம் சொந்தத்தில் உண்டா? படத்தைக் கொண்டாடும்போது இசையமைப்பாளர் பெயர் மட்டும் ஏன் யாருக்கும் நாக்கில் வருவதில்லை?

'பாலைவனச் சோலை' வந்தபோது எனக்கு இருபது வயது. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, சீனியாரிட்டி வருமென்று காத்திருந்த காலம். படத்தில் வருகிறவர்களும் எங்களைப் போலத் தெருமுனையில் நின்றவர்கள்தான். வாணி ஜெயராம் குரலில் அந்தப் பாட்டு முடிந்தபோது கொட்டகையில் யாரும் விசில் அடிக்கவில்லை. திரும்பும் வழியில் நண்பர்கள் நாலு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் சைக்கிளை அடகு வைக்காத குறையாகக் காசு தேற்றி, ரெக்கார்டிங் கடையில் அறுபது நிமிடக் கேசட் ஒன்றில் சங்கர்–கணேஷ் பாட்டாகவே எழுதிக் கொடுத்துப் பதிந்துகொண்டேன். நாடா சிக்கி, பென்சிலால் சுற்றிச் சுற்றி, கடைசியில் பாட்டை விட இரைச்சல்தான் அதிகமாகக் கேட்டது. அதுவரை ஓடியது. மெட்டு எங்கிருந்து வந்தால் என்ன தம்பி, வேலையில்லாத ஒரு பையனின் தொண்டையை அடைத்ததே, அது காப்பி இல்லை.

இப்போது 'பிஹேவியர்'. அதன் முதல் பாட்டு 'பீயிங் போரிங்'. இளமையில் கூட இருந்து, பிறகு எய்ட்ஸ் நோயில் இறந்துபோன நண்பனை நினைத்து டென்னன்ட் எழுதியது என்று நீதான் சொன்னாய். ஏரிக்கரையில் நின்று அதைக் கேட்டபோது எனக்கு நம் கைத்தொழில் வாத்தியார் ஞாபகம் வந்தார்.

உங்களில் ஐம்பது பேருக்காவது அவரைத் தெரியும். ஆண்டுவிழாவுக்கு நான் நாடகமும் பாட்டும் எழுதுவேன். அவர் ஆர்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு மெட்டுப் போடுவார். சினிமா மெட்டுதான், காப்பியேதான். ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் குரலுக்கு எது எட்டும், எந்த இடத்தில் மூச்சு வாங்குவார்கள் என்று பார்த்துப் பார்த்து மாற்றுவார். மாற்றி முடித்தபின் மூலப் பாட்டை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. லண்டன் தம்பி, நீ வேடன் வேஷம் கட்டி ஆடிய பாட்டும் அவருடையதுதான்.

2019-இல் என் பணி நிறைவு விழா. "இத்தனை வருடம் ஆண்டுவிழாப் பாட்டுகளை எழுதி இசையமைத்தவர்" என்று மேடையில் என்னைப் புகழ்ந்தார்கள். பொன்னாடை போட்டார்கள். கைத்தொழில் வாத்தியார் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். ஏற்புரையில் நான் எல்லோருக்கும் நன்றி சொன்னேன், மைக் செட்காரர் உட்பட. "இசை என்னுடையது இல்லை" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. அந்த நிமிடம் இனிப்பாக இருந்தது, அவ்வளவுதான். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் அவர் போய்விட்டார். கடைசியாக முகம் பார்க்கக்கூடப் போக முடியவில்லை.

ஆகவே தம்பி, மூலத்தின் பெயரைச் சொல்லாததுதான் குற்றம் என்றால் முதல் குற்றவாளி உன் வாத்தியார். சங்கர்–கணேஷைப் பிறகு நிறுத்தலாம்.

இப்போது மச்சினனுக்குப் பதில். மாப்பிள்ளை, ஒரே ஆள் இல்லை, இரண்டு பேர். சங்கர் மறைந்துவிட்டார். அதற்குப் பிறகும் கணேஷ் தன்னைச் 'சங்கர் கணேஷ்' என்றே சொல்லிக்கொண்டார். ஊரும் அப்படியே அழைத்தது. அதனால்தான் உங்களுக்கு ஒரே ஆளாகத் தெரிகிறது. அது நீங்கள் நினைப்பது போலக் குழப்பம் இல்லை. கூட உழைத்தவனின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துச் சுமப்பது. இதைவிடப் பெரிய நன்றி எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேர் சேர்ந்து செய்த வேலையில் "யார் நிஜமாகச் செய்தது?" என்று குடைகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும். உன் பெட் ஷாப் பாய்ஸைப் பார், தம்பி. ஒருவர் முன்னால் நின்று பாடுகிறார், இன்னொருவர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக கீபோர்டுக்குப் பின்னால் அசையாமல் நிற்கிறார். பாட்டின் கீழே இரண்டு பெயரும்தான் இருக்கிறது.

எல்லோருக்கும் வீட்டுப்பாடம் இரண்டு. ஒன்று, 1981-இன் அந்த மூன்று படங்களின் பாட்டுகளையும் சிரிக்காமல் ஒரு தடவை முழுதாகக் கேளுங்கள். கேட்டபிறகு "பிடிக்கவில்லை" என்று எழுதினால் சண்டை போடமாட்டேன். கேட்காமல் "காப்பி" என்று எழுதினால் பெஞ்ச் மேல் ஏற்றுவேன், வயது பார்க்கமாட்டேன்.

இரண்டு, கைத்தொழில் வாத்தியார் மெட்டுப் போட்ட ஆண்டுவிழாப் பாட்டு எதுவாவது ஞாபகம் இருந்தால், இரண்டு வரியானாலும் சரி, பாடிக் குரல் பதிவாக அனுப்புங்கள். சேர்த்து ஒரே கோப்பாக்கி அவர் மகளிடம் கொடுக்கப் போகிறேன். இசை என்ற இடத்தில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கும்.

லண்டன் தம்பி, வேடன் பாட்டை நீதான் முதலில் அனுப்ப வேண்டும். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்
சேலையூர்