தாத்தாவும் கொடைக்கானல் வரலாமா?

“மாமா, கொடைக்கானலுக்கு நீங்களும் வர்றீங்கல்ல?”

“நான் வரலம்மா. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது.”

“மலைக்காத்து நுரையீரலுக்கு நல்லதுதானே தாத்தா?”

துவாக்குடி பட்டறைகளில் பல வருஷம் வெல்டிங் புகையோடு வேலை பார்த்தவர்களின் வீடுகளில், கோடை லீவில் கேட்கக்கூடிய பேச்சு இது.

பேத்தி சொல்வது பாதிதான் சரி. மலைக்காற்று சுத்தமானது, ஆனால், அடர்த்தி குறைந்தது. காற்றில் ஆக்ஸிஜனின் அளவு எங்கும் 21 சதவிகிதம்தான். உயரம் கூடக்கூட காற்றழுத்தம் குறைகிறது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில், ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. நல்ல நுரையீரல் வேகமாக மூச்சுவிட்டு இதைச் சமாளித்துவிடும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சி.ஓ.பி.டி உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய் ஏற்கெனவே சுருங்கியிருப்பதால் அது கஷ்டம்.

அதற்காக தாத்தாவை விட்டுவிட்டுப் போக வேண்டுமா? முதலில் நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். ஸ்பைரோமெட்ரி, ஆறு நிமிட நடைப் பரிசோதனை எல்லாம் பார்த்து அவர் சொல்வார். ஊரில் ஓய்வாக இருக்கும்போதே பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 92 அல்லது அதற்குக் கீழே காட்டினால், அவரைக் கேட்காமல் மலையேற வேண்டாம். சமீபத்தில் சளி, காய்ச்சலோடு மூச்சுத்திணறல் அதிகமாகியிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

மருத்துவர் ‘சரி’ என்றால், இவற்றைக் கவனியுங்கள்:

* இன்ஹேலர் ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். குளிரில் ஸ்பிரே சரியாக வராமல் போகலாம். சட்டைப் பையில் வையுங்கள்.

* முதல் நாள் முழு ஓய்வு. ஏரியைச் சுற்றும் நடை மறுநாளுக்கு.

* மூக்கு, வாயை மஃப்ளரால் மூடிக்கொள்ளுங்கள். கேம்ப் ஃபயர் புகை பக்கம் போக வேண்டாம்.

* தூங்கும்போது ஆக்ஸிஜன் மேலும் குறையும். மது வேண்டாம். மருத்துவர் சொல்லாமல் தூக்க மாத்திரையும் வேண்டாம்.

* வீட்டில் ஆக்ஸிஜன் வைத்துக்கொள்பவர்கள், மலையில் எவ்வளவு வைக்க வேண்டும் என்று முன்பே கேளுங்கள். நாமாகக் கூட்டுவதும் ஆபத்து.

மருத்துவர் ‘வேண்டாம்’ என்றால், துறையூர் பக்கத்துப் பச்சைமலைக்குப் போகலாமா என்று கேளுங்கள். அதன் உயரம் 500 முதல் 1,000 மீட்டர்தான்.

போன இடத்தில் உதடு நீலம் பாய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினாலோ 108-ஐ அழையுங்கள். ஆக்ஸிஜன் கொடுத்து, மலையிறக்குவதுதான் வழி. ரூமுக்குக் கட்டிய பணத்தை நினைத்து, ‘விடியட்டும்’ என்று காத்திருக்காதீர்கள்!