ஆறு அறை, ஐந்து தோட்டா!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். "கல்வியின் சிறப்புன்னு ஏதாச்சும் எழுதிக் குடுடா" என்றார்கள் நண்பர்கள். நானோ துப்பாக்கியைப் பற்றி எழுத வந்திருக்கிறேன்! பயப்பட வேண்டாம். துப்பாக்கிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. மெக்கானிக்கல் படிக்கிற ஒருவனின் கண்ணுக்கு அதற்குள் தெரிந்த ஒரு நியாயத்தைச் சொல்ல வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதியில் கௌபாய் படம் பார்த்தோம். ஹீரோ கட்டைவிரலால் ஹாமரை இழுக்கும்போது 'கிளிக் கிளிக்' என்று சத்தம் வருமே, அது எதனால் என்று எனக்குச் சந்தேகம். தேடிப் பார்த்ததில் அந்த ரிவால்வரின் குறுக்குவெட்டுப் படம் கிடைத்தது. பார்த்தால், 'தியரி ஆஃப் மெஷின்ஸ்' வகுப்பில் நாம் படிக்கும் ராட்செட்டும் பாலும் அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கின்றன!

அது 1873ல் அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் கொண்டுவந்த 'சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி'. ஒவ்வொரு முறையும் ஹாமரைக் கையால்தான் இழுக்க வேண்டும். டிரிகர் அதை விடுவிக்கும் வேலையை மட்டுமே செய்யும். அதனால்தான் 'சிங்கிள் ஆக்‌ஷன்'. ஹாமரை இழுத்தால் பால் சிலிண்டரை ஓர் அறை நகர்த்தும். இன்னொரு பாகம் சிலிண்டரைப் பூட்டும்.

இதில் கோளாறு எங்கே? ஃபயரிங் பின் ஹாமரின் மூக்கிலேயே இருக்கிறது. ஹாமர் கீழே இருக்கும்போது அந்தப் பின் தோட்டாவின் பிரைமர் மேலேயே படுத்திருக்கும். துப்பாக்கி கைதவறி விழுந்து ஹாமர் தரையில் மோதினால் போதும், யாரும் டிரிகரைத் தொடாமலே வெடிக்கும்! இதற்காக ஹாமரில் 'சேஃப்டி நாட்ச்' என்று ஒரு சின்ன வெட்டு வைத்தார்கள். ஹாமரைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தால் டிரிகரின் முனை அதில் மாட்டி, பின்னைத் தோட்டாவிலிருந்து விலக்கி நிறுத்தும். ஆனால் அந்த முனை மெல்லியது. பரப்பு பாதியானால் ஷியர் ஸ்ட்ரெஸ் இரட்டிப்பாகும் என்று நமக்கே தெரியும். பலமாக அடிபட்டால் முனை ஒடியும், அல்லது நாட்ச் உடையும்.

அனுபவஸ்தர்கள் என்ன செய்தார்கள்? ஆறு அறையில் ஐந்து தோட்டா மட்டும் போட்டார்கள். ஒன்று போடு, ஒன்றை விடு, நான்கு போடு, ஹாமரை முழுக்க இழுத்து மெதுவாக இறக்கு. காலி அறை ஹாமருக்கு நேரே வந்துவிடும். நல்ல வழிதான். ஆனால் அது முழுக்க மனிதனின் ஞாபகத்தை நம்பி நிற்கும் வழி!

பிறகு, இந்தப் பழைய துப்பாக்கிகளின் நகல்களை இத்தாலியில் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பும் தொழில் வளர்ந்தது. பிரெஷியா அருகே கார்தோனே என்ற ஊரில் 1959ல் தொடங்கிய ஊபெர்ட்டி நிறுவனம் அதில் பேர் பெற்றது. 1968ல் அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. இறக்குமதியாகும் ரிவால்வர் ஒரு சோதனையில் தேற வேண்டும் என்றார்கள். ரிவால்வரின் எடைக்குச் சமமான எடையை 36 அங்குல உயரத்திலிருந்து ஹாமரின் பின்புறம் போடுவார்கள், ஐந்து முறை! பாதுகாப்பு அமைப்பு தாங்க வேண்டும். எடை 1 கிலோ என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு அடியும் கிட்டத்தட்ட 9 ஜூல். அந்தக் குட்டி நாட்சுக்கு இது சாதாரண அடியா?

எனவே இத்தாலிக்காரர்கள் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். சிலிண்டர் சுழலும் அச்சுக் கம்பியைக் கொஞ்சம் நீளமாக்கி, அதில் இரண்டு வெட்டு வைத்தார்கள். முதல் வெட்டில் நின்றால் துப்பாக்கி வழக்கம்போல் சுடும். கம்பியை உள்ளே தள்ளி இரண்டாவது வெட்டில் நிறுத்தினால், அதன் பின்முனை வெளியே நீண்டு ஹாமரை முழுக்க விழவிடாமல் தடுக்கும். சோதனையில் தேறியாயிற்று, கப்பலும் ஏறியாயிற்று.

இங்கேதான் என் கேள்வி. சோதனையில் தேறியது சரி, ஆபத்து நீங்கியதா? அந்தக் கம்பியைத் தள்ளவும் ஒருவன் ஞாபகம் வைத்திருக்க வேண்டுமே! ஐந்து தோட்டா வழக்கத்தை மறக்கிறவன் கம்பியை மட்டும் மறக்கமாட்டானா? பேப்பரில் மார்க் வாங்கிய பாதுகாப்பு இது.

இன்னொரு வழி இருந்தது. அமெரிக்காவின் ரூகர் நிறுவனம் 1973ல் தன் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்களில் 'டிரான்ஸ்ஃபர் பார்' வைத்தது. ஹாமர் நேரடியாக ஃபயரிங் பின்னைத் தொடவே தொடாது. டிரிகரை இழுத்துப் பிடித்தால்தான் ஒரு தகடு மேலே எழும்பி, ஹாமரின் அடியைப் பின்னுக்குக் கடத்தும். டிரிகரை விட்டால் தகடு இறங்கிவிடும். கீழே விழுந்தாலும் அடி தோட்டாவுக்குப் போகாது. ஆறு அறையிலும் தோட்டா போடலாம். 1982லிருந்து பழைய மாடல்களுக்கும் இலவசமாக இதை மாற்றித் தந்தார்கள். பின்னாளில் ஊபெர்ட்டியும் 'கேட்டில்மேன் 2' மாடலில், டிரிகரை முழுக்க இழுத்தாலொழியப் பின் ஹாமருக்குள்ளேயே ஒளிந்திருக்கும்படி செய்தது. இவற்றுக்கு யாருடைய ஞாபகமும் தேவையில்லை.

இதை விடுதியில் சொன்னபோது ஒரு நண்பன் சண்டைக்கே வந்துவிட்டான். "துப்பாக்கி தானா சுடாதுடா, ஆளுதான் சுடுறான். ஒழுங்கா பழகுனவனுக்கு எதுக்குடா இந்தத் தகடும் கம்பியும்? பழைய சாமானோட அழகே போச்சு!" என்றான். அங்கேயும் பழைய அமைப்பின் ரசிகர்கள் பலர் இப்படித்தான் வாதாடுகிறார்கள்.

அவன் பேச்சில் பாதி நியாயம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். 2021 அக்டோபரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் குண்டு பாய்ந்து இறந்தார். அது இத்தாலியில் செய்த நகல் ரிவால்வர்தான். டம்மி தோட்டா இருக்க வேண்டிய இடத்தில் நிஜத் தோட்டா இருந்தது. படப்பிடிப்புக்குள் நிஜத் தோட்டா வந்ததை எந்தத் தகடும் தடுக்காது. ஒழுங்கு வேண்டும், வேண்டவே வேண்டும்.

ஆனால் மீதிப் பாதியை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அதற்குக் காரணம் எங்க அப்பா.

எங்க அப்பா ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டுகிறார். பெடலை மிதித்தால் இறங்கும் மிஷின், முன்னால் தடுப்பு கிடையாது. "கையை வெளிய எடுத்துட்டு மிதி" என்பதுதான் அங்கே இருந்த ஒரே பாதுகாப்பு. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை எடுத்துட்டு மிதித்தார். ஒரே ஒரு தடவை தவறிவிட்டது. ஆள்காட்டி விரலில் பாதி போய்விட்டது. அப்போது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். பட்டறையிலும் தெருவிலும் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "கவனமா இருந்திருக்கணும்." எங்க அப்பாவே இன்று வரைக்கும், "என் தப்புதான்டா" என்கிறார்.

அந்தக் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்த அன்று எனக்குப் புரிந்தது, அது அவர் தப்பு இல்லை. ஆயிரம் தடவையில் ஒரு தடவை தவறுவது மனித இயல்பு. அந்த ஒரு தடவைக்கும் சேர்த்து வரைகிறவன்தான் டிசைனர். செய்கிறவன் செய்யக்கூடியதைச் செய்யாமல், 'கவனம்' என்று ஒரு வார்த்தையில் பாரத்தைப் பிடிக்கிறவன் தலையில் இறக்கி வைப்பது நியாயமா? அதே அமெரிக்காவில், உள்நாட்டில் தயாராகும் ரிவால்வருக்கு மத்திய சட்டப்படி அந்த 36 அங்குலச் சோதனை கட்டாயம் இல்லை. விழுகிற துப்பாக்கிக்குத் தான் எந்த நாட்டில் பிறந்தோம் என்று தெரியுமா?

தோழர்களே! எங்க குடும்பத்தில் டிராயிங் போர்டைத் தொட்ட முதல் ஆள் நான். உங்களிலும் பலர் அப்படித்தான். நாளைக்கு நம்மில் யாரோ ஒருவர் பிரஸ்ஸுக்குத் தடுப்பு வரைவோம், யாரோ ஒருவர் சூப்பர்வைசராக இருந்து "தடுப்பை எடுத்துடு, புரொடக்‌ஷன் குறையுது" என்ற பேச்சைக் கேட்போம். அப்போது இரண்டு கேள்வி கேளுங்கள். ஓட்டுகிறவர் மறந்தாலும் இது காப்பாற்றுமா? அல்லது இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் காப்பாற்றுமா?

எங்க அப்பாவிடம் அந்தப் படத்தைக் காட்டி விளக்கினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "அப்ப தகடு ஒண்ணு வச்சிருக்கலாம்ல" என்றார்.

வச்சிருக்கலாம்பா. நாங்க வைப்போம்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்