எந்த ஆண்டுக்குத் திருத்துவது?

காலஞ்சென்ற எனது நண்பர் ஒருவரின் மகன் அண்மையில் கொழும்பிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். பாடசாலை அதிபராகவிருந்து ஓய்வுபெற்ற நண்பர், மறையும்போது யாழ்ப்பாணத்து வீட்டின் பின்வளவில் ஒரு காரை விட்டுச்சென்றிருந்தார். மகன் இப்போது அதனைக் கொழும்புக்குக் கொண்டுசென்றிருக்கிறார்.

“மாமா, அப்பான்ரை காரைத் திருத்தத் தொடங்கியிட்டன். தொழிற்சாலையிலையிருந்து வந்த நாளிலை எப்பிடி இருந்ததோ, அப்பிடியே கொண்டுவாறதுதான் திட்டம். பழைய படம் ஏதும் உங்களிட்டை இருக்குதோ?”

இருக்கிறது என்றேன். ஆனால் அவர் கேட்ட உதவி அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

அந்தக் கார் 1955ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர் ட்ரவலர். வாகன இலக்கத் தகடுகளில் ‘ஸ்ரீ’ வந்து நாடே கொந்தளித்த காலத்துக்கு முந்திய ஆங்கில எழுத்து இலக்கத் தகட்டைக் கொண்டது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. பின்புறம் நீண்ட ‘ட்ரவலர்’ வகை 1953இல் வந்தது. முன்பாதி உருக்கு, பின்பாதியோ ஆஷ் மரச் சட்டங்களுக்கிடையே அலுமினியத் தகடு பொருத்தியது. பின்னால் அலுமாரி போல இரு பக்கமும் திறக்கும் இரட்டைக் கதவுகள். “கறையான் அரிக்கக்கூடிய ஒரே கார்” என்று நாங்கள் நண்பரைக் கேலிசெய்வதுண்டு.

‘ஸ்ரேஷன் வாகன்’ என்ற பெயரே இவ்வகைக் கார்களின் தொழிலைச் சொல்லிவிடுகிறது. அமெரிக்காவில் ரயில் நிலையத்தில் வந்திறங்குவோரையும் அவர்களது பெட்டிகளையும் ஏற்றிச்செல்வதற்கென மரக்கூடு கட்டப்பட்ட வண்டிகள் அவை. 1929இல் போர்ட் நிறுவனம் தனது மொடல் ஏ காரில் இவ்வகையைத் தானே விற்கத் தொடங்கியது. 1949இல் பிளிமத் நிறுவனம் முழுவதும் உருக்கினாலான வாகனைக் கொண்டுவந்தபின் அங்கே மரத்தின் காலம் மெல்ல முடிவுக்கு வந்தது. ஆனால் இங்கிலாந்தில் ட்ரவலர் மரச்சட்டத்துடனேயே 1971 வரை உற்பத்தி செய்யப்பட்டது. இன்று உலகெங்கும் இவற்றைத் தேடி வாங்கித் திருத்துவோர் ஏராளம். அவர்களது ஆர்வத்தை நான் மதிக்கிறேன்.

எனினும் ஒரு கேள்வி உண்டு. எழுபது ஆண்டுகள் வாழ்ந்த ஒரு வாகனத்தை எந்த ஆண்டுக்குத் திருத்துவது?

நண்பரின் மகன் அனுப்பிய படங்களில் அவர் கழற்றி எறியவிருக்கும் பொருள்களுக்குச் சிவப்பு வட்டம் இட்டிருந்தார். அவற்றுள் மூன்றைப் பற்றி நான் எழுதியாக வேண்டும்.

முதலாவது, எஞ்சினுக்கு மேலே கம்பியில் தொங்கும் சிறிய பிளாஸ்ரிக் போத்தலும் அதிலிருந்து காபரேற்றருக்குச் செல்லும் மெல்லிய சேலைன் குழாயும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவில்லை. தப்பிப்பிழைத்த மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் ஏ 40களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் உயிர்பெறாது. ஆகவே சில துளி பெற்றோலை ஊட்டி எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். வால்வுகளில் கரி படியும். அடிக்கடி எஞ்சின் தலையைக் கழற்றிக் கரி சுரண்டவேண்டும். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்பதாலேயே அந்தக் கொடுமையைத் தாங்கின. புதிய ஜப்பானியக் கார்கள் வீடுகளில் உறங்க, கிழட்டு இங்கிலாந்துக் கார்கள் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்ற காலம் அது.

இரண்டாவது, வலப்புறக் கீழ்ச்சட்டம். ட்ரவலரின் மரம் அலங்காரத்துக்கன்று. பின்னுடலைத் தாங்குவதே அதுதான். கண்ணாடி நகரும் தவாளிப்புகளில் நீர் தேங்கிப் பாசி பிடிப்பதும், கீழ்ச்சட்டம் உளுத்துப்போவதும் இக்காரின் பிறவிக்குறை. 1993இல் இந்தச் சட்டம் உளுத்தபோது ஆஷ் மரத்துக்கு எங்கே போவது? கோயில் தேர் செய்யும் தச்சர் ஒருவர் வேப்பமரத்தில் அதனைச் செதுக்கிக் கொடுத்தார். பழைய துண்டைக் கையில் வைத்துத் தடவிப்பார்த்துவிட்டு, “இதைச் செய்தவன் தொழில் தெரிஞ்சவன்” என்று அவர் சொன்னதை நான் அருகில் நின்று கேட்டேன். கடல்கடந்த ஒரு தச்சனுக்கு நம்மூர்த் தச்சர் அளித்த சான்றிதழ் அது.

இதில் ஒரு முரண் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர், காரை எறியாமல் திருத்தித் திருத்தி நெடுங்காலம் பயன்படுத்துவதே சிக்கனமானது என்று 1982இல் ஒரு நூலே எழுதியவர். அவரது முயற்சியால் 1990களில் இந்த இலங்கையிலேயே மொறிஸ் மைனர் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிலகம் தொடங்கி, பாகங்கள் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. அதே தீவின் வடக்கில் நாங்கள் ஒரு பாகத்துக்கும் வழியின்றி வேப்பமரத்தைத் தேடிக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது, பின்தளத்துப் பலகையிலுள்ள ஆழமான கீறல்கள். அவற்றின் வரலாறு எனக்குத் தெரியும். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே வீதியால் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது அந்தக் காரும் அவர்களோடு ஊர்ந்தது. நண்பரின் தாயார், மூன்று குழந்தைகள், அயல்வீட்டு முதியவர் ஒருவர், ஒரு தையல் இயந்திரம். மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட விடிந்துவிட்டது. கீறல்கள் அந்தத் தையல் இயந்திரத்தின் இரும்புக் கால்கள் இட்டவை. அன்று பின்னால் கிடந்த மூன்று குழந்தைகளில் ஒருவர்தான் இன்று அப்பலகையை மாற்றப்போகிறார். அப்போது அவருக்கு வயது இரண்டு.

‘அசல்’ என்ற சொல்லில் நம்மவர்க்குப் பெரும் மயக்கம் உண்டு. தொழிற்சாலை வாசலில் நின்ற ஒருநாள் மட்டும்தான் அசலா? அதற்குப்பின் வந்த எழுபது ஆண்டுகள் அழுக்கா? பழைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனமான ஃபீவா, 2012இல் தூரின் பட்டயம் என்றோர் ஆவணத்தை ஏற்றுக்கொண்டது. பழங்கட்டடங்களுக்கான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் பட்டயத்தை ஒட்டி உருவானது அது. ஒரு வாகனம் தன் வாழ்நாளில் பெற்ற மாற்றங்களும் அதன் வரலாற்றின் பகுதியே, அவற்றை மதிக்கவேண்டும் என்பதே அதன் சாரம். அதாவது நான் சொல்வது ஒரு கிழவனின் உணர்ச்சிவசம் மாத்திரமன்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. “உளுத்த மரத்தோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு காலி வீதியில் போகமுடியுமா?” என்று கேட்டால் முடியாதென்பதே என் பதில். இங்கிலாந்தில் வாகனப் பரிசோதனையின்போது உளுத்த சட்டமுள்ள ட்ரவலர் தேறாது; அது நியாயமே. தடுப்பு, திசைமாற்றி, தரைத்தகடு, சட்டம் ஆகியவற்றில் உயிருக்கு ஆபத்தான எதனையும் தயங்காமல் மாற்றவேண்டும். எஞ்சினும் இனி மண்ணெண்ணெய் குடிக்கவேண்டியதில்லை. ஆனால் வேப்பஞ்சட்டம் இன்றும் உறுதியாக இருப்பதாகக் கொழும்பு பாஸே சொல்லியிருக்கிறார். உறுதியாக இருக்கும் வேம்பைக் கழற்றி, இறக்குமதி செய்த ஆஷ் மரத்தைப் பூட்டுவது திருத்தமா, அழிப்பா? குழாயைத் துண்டித்துவிட்டுப் போத்தலை அது தொங்கிய இடத்திலேயே விட்டுவைப்பதால் யாருக்கு நட்டம்?

இவற்றையெல்லாம் நான் மகனுக்கு எழுதி அனுப்பினேன். இரண்டு நாள்கள் மறுமொழி இல்லை. மூன்றாம் நாள் அழைத்தார்.

“மாமா, பலகையை மாத்தேல்லை. போத்தலும் இருக்கும். ஆனால் பெயின்ற் மட்டும் புதுசாத்தான் அடிக்கப்போறன். சைக்கிளுக்கு அடிக்கிற பெயின்றைப் பிரஷ்ஷாலை பூசி வைச்சிருக்கிறார் அப்பா!”

அந்தப் பிரஷ்ஷின் ஒரு பக்கம் என் கையில் இருந்தது என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை. வண்ணம் அவர் விருப்பம். காரும் அவருடையதுதான்.

உங்கள் வீட்டுக் கொட்டிலிலும் இப்படியொரு பழைய வாகன் கிடக்கலாம். திருத்துங்கள், ஓட்டுங்கள். ஆனால் முதல் ஆணியைக் கழற்றுமுன் எல்லாவற்றையும் படம் எடுங்கள். பெரியவர்கள் உயிரோடிருந்தால் ஒவ்வொரு ஒட்டுக்கும் காரணம் கேட்டு எழுதிவையுங்கள். எறிந்த பலகையை மீண்டும் செய்துவிடலாம். அதிலிருந்த கீறலைச் செய்ய எந்தப் பாஸாலும் முடியாது.