நின்று பார்த்த கண்

"பெண்பிள்ளைக்கு வீடியோ எதற்கு?" என்று கேட்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன்.

2020 மே 25 அன்று, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் ஃபுளொய்ட் பொலிஸாரின் பிடியில் உயிரிழந்தார். உடல்நலக் கோளாறு என்பதுபோலவே பொலிஸின் முதல் அறிக்கை சொன்னது. 17 வயது மாணவி டார்னெல்லா ஃப்ரேஸியர் கைத்தொலைபேசியில் எடுத்த காணொளிதான் உண்மையைக் காட்டியது. 2021இல் அந்தப் பொலிஸ் அதிகாரி குற்றவாளியெனத் தீர்ப்பானது. மாணவிக்குப் புலிட்சர் சிறப்புக் கௌரவம் கிடைத்தது.

அவர் விலகிப் போகவில்லை, இடையில் நிறுத்தவுமில்லை. காணொளியில் கதை சொல்லப் பழகும் நான் அவரிடம் கற்பது இந்தப் பொறுமையையே. வெட்டுவதும் இசை சேர்ப்பதும் பிறகு வரட்டும். யாரிடம் கேட்பது, எதைச் சரிபார்ப்பது, எவர் முகத்தை மறைப்பது என்பதைப் பாடசாலை கற்றுத்தர வேண்டும். உம்மாமாரும் வாப்பாமாரும் எம்மை நம்பி அனுமதிக்க வேண்டும்.